ஆறு வயதுக் கோட்டுக்குக் கீழே

எங்கள் ஊர் சிதறாலை வெளியூர்க்காரர்கள் மலைக்கோவிலை வைத்துத்தான் அறிவார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் சமணத் துறவிகள் தங்கியிருந்த பாறைக்குகை, பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் சிற்பங்கள், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு. குணந்தாங்கி குரத்தி என்ற பெண் துறவி பொன் நகை கொடுத்த செய்தி அந்தக் கல்வெட்டில் இருக்கிறது. இடத்தின் பழைய பெயர் திருச்சாரணத்துப்பள்ளி. பள்ளி என்ற சொல்லே சமணர் தந்தது என்று நாம் கூட்டங்களில் பெருமையாகப் பேசுவோம்.

மலைக்கு மேலே இருக்கிற அந்தப் பள்ளிக்கு 1958ஆம் ஆண்டின் தொல்லியல் சட்டம் காவல் நிற்கிறது. சுற்றி நூறு மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பத் தடை. மீறினால் வழக்கு வரும். மலைக்குக் கீழே மூன்று வயதுப் பிள்ளை போகிற பள்ளிக்கு யார் காவல்? கழிப்பறையில் தண்ணீர் இல்லை, கூரை ஒழுகுகிறது, அடுப்புக்கும் பிள்ளை தூங்குகிற பாய்க்கும் நடுவே சுவர் இல்லை என்று வையுங்கள். பிள்ளையின் எந்த உரிமை மீறப்பட்டிருக்கிறது என்று கேட்டால் அதிகாரிகள் ஒரு கொள்கை ஆவணத்தைக் காட்டுவார்கள். மீறினால் தண்டனை என்று சொல்கிற சட்டம் எதையும் காட்ட அவர்களிடம் இல்லை.

இந்த வெற்றிடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். காலியாகக் கிடக்கிற இடத்தில் இந்தியாவில் முதலில் வந்து உட்காருவது சாதிதான்.

மூன்று வயதில் பிரிகிற பாதை

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவு, தமிழ்நாட்டிலேயே முதலிடம். மிஷன் பள்ளிகள், தோள்சீலைப் போராட்டம், அய்யா வைகுண்டரின் பொதுக்கிணறு என்று இந்தப் பெருமைக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் காலை எட்டரை மணிக்கு மார்த்தாண்டம் சாலையில் நின்று பாருங்கள். ஒரு பக்கம் டை கட்டிய மூன்று வயதுப் பிள்ளைகள் நர்சரி வேனில் ஏறுகிறார்கள். இன்னொரு பக்கம் பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு அங்கன்வாடிக்கு நடக்கிறார்கள்.

எங்கள் பகுதியில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மையத்தில், பதிவேட்டில் இருக்கிற பிள்ளைகளின் எண்ணிக்கையும் பாயில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளின் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்து நான் பார்த்ததில்லை. பெயர் அங்கன்வாடியில், பிள்ளை நர்சரியில். எடை பார்க்கவும் தடுப்பூசி போடவும் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வரும். உட்கார்ந்து விளையாட, சாப்பிட, தூங்க வருகிறவர்கள் வேறு வழியில்லாதவர்கள். ஏன் அனுப்பவில்லை என்று உறவுக்காரப் பெண் ஒருவரிடம் கேட்டேன். ஆங்கிலம், கட்டடம் என்று இரண்டு காரணங்கள் சொன்ன பிறகு மூன்றாவதாக உண்மையைச் சொன்னார்: "அங்க காலனிப் பிள்ளைகள்லா வரும்."

அரசு ஆவணங்களிலிருந்து காலனி என்ற சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. ஆனால் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று முடிவெடுக்கிற பெற்றோரின் வாயிலிருந்து அந்தச் சொல்லை அரசாணையால் எடுக்க முடியாது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்கிற அளவுக்குப் பொதுப் பள்ளி தரமாக இருந்தால்தான் அது போகும். அதனால் முன்பருவக் கல்வியின் தரம் என்பது சாதி ஒழிப்புப் பிரச்சினை. குழந்தை நலத் துறை மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயம் என்று நம் தோழர்களில் பலர் இதை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பாடத்திட்டத்தில் சாதியைப் பேசுகிறோம், கல்லூரி விடுதியில் சாதியைப் பேசுகிறோம், கையில் கட்டுகிற கயிறைப் பேசுகிறோம். பிள்ளை முதன்முதலில் இன்னொரு வீட்டுப் பிள்ளையோடு உட்காருகிற இடத்தைப் பேசுவதில்லை.

அம்பேத்கர் போடாத கோடு

அரசமைப்புச் சட்டத்தின் பழைய 45ஆம் பிரிவு, பதினான்கு வயது முடியும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்றது. மேலே பதினான்கு என்று எல்லை இருந்தது. கீழே எல்லை இல்லை. 1948 நவம்பர் 23 அன்று அரசியல் நிர்ணய சபையில் இந்தப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, கல்வி என்பதைத் தொடக்கக் கல்வி என்று சுருக்கச் சொல்லி ஒரு திருத்தம் கொண்டுவரப்பட்டது. அம்பேத்கர் ஏற்கவில்லை. பதினான்கு வயதுக்குக் கீழே பிள்ளையை வேலைக்கு வைக்கக்கூடாது என்று இன்னொரு பிரிவில் சொல்லியிருக்கிறோம், அப்படியானால் அந்த வயது வரை பிள்ளை ஏதாவது கல்வி நிலையத்தில் இருந்தாக வேண்டும் என்பது அவர் வாதம். உழைக்கிற சாதியின் பிள்ளை எங்கே இருக்கும் என்று யோசித்தவரின் வாதம் அது.

1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை அடிப்படையாக வைத்து, பதினான்கு வயது வரை கல்வி அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. அப்போதும் கீழே எல்லை இல்லை. 2002இல் 86ஆவது திருத்தம் வந்தது. கல்வியை அடிப்படை உரிமையாக்கிய திருத்தம் என்று அதைக் கொண்டாடுகிறோம். அந்தத் திருத்தம் கொண்டுவந்த 21அ பிரிவு ஆறு முதல் பதினான்கு வயது வரை என்று கோடு போட்டது. ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களை 45ஆம் பிரிவுக்கு, அதாவது அரசு முயல வேண்டும் என்கிற நெறிமுறைக்குத் தள்ளியது. ஒரு கையால் கொடுத்து மறுகையால் எடுத்துக்கொண்ட கதை இது. எடுத்தது யாருடையது என்றால், பேசத் தெரியாத, வாக்குரிமை இல்லாத, ஊர்வலம் போக முடியாத குடிமக்களுடையது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இந்தக் கோட்டைத் தொடர்ந்தது. மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இலவச முன்பருவக் கல்வி தர அரசு ஏற்பாடு செய்யலாம் என்கிறது அதன் 11ஆம் பிரிவு. செய்யலாம் என்றால் செய்யாமலும் இருக்கலாம்.

கோட்டுக்கு மேலும் கீழும்

வேறுபாட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஏழு வயதுப் பிள்ளையின் பள்ளியில் குடிநீர், ஆண் பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, சமையலறை, விளையாட்டிடம், சுற்றுச்சுவர் எல்லாம் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். மீறினால் உள்ளாட்சி அமைப்பிடம் புகார் கொடுக்கலாம், அதற்கு மேலே மாநிலக் குழந்தைகள் உரிமை ஆணையம் இருக்கிறது.

நான்கு வயதுப் பிள்ளைக்கு 2013ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை இருக்கிறது. படித்துப் பாருங்கள், நல்ல ஆவணம். முப்பது பிள்ளைகளுக்குக் குறைந்தது 35 சதுர மீட்டர் அறை, வெளியே 30 சதுர மீட்டர் விளையாட்டிடம். மூன்று முதல் ஆறு வயது வரை இருபது பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், மூன்று வயதுக்குக் கீழே பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். குடிநீர், பிள்ளைகளுக்கு ஏற்ற கழிப்பறை, தனிச் சமையலிடம், முதலுதவிப் பெட்டி. எல்லாம் இருக்கிறது. மீறினால் என்ன என்பது மட்டும் இல்லை.

ஆறு வயதுக்குக் கீழே அரசைத் தெளிவாகக் கட்டுப்படுத்துகிற சட்டம் உணவுக்குத்தான் உண்டு. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைக்கு அங்கன்வாடியில், அதன் அட்டவணை சொல்கிற ஊட்டச்சத்து அளவுள்ள உணவு தந்தாக வேண்டும். இதற்குக் காரணம் 2001இல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கும், அதைச் சுற்றி நாடு முழுவதும் நடந்த இயக்கமும். சட்டமானபோது அதிகாரிகள் கணக்குக் காட்ட வேண்டியதாயிற்று. சட்டம் எதையும் மாற்றாது என்று சொல்கிற நண்பர்களுக்கு இதைத்தான் பதிலாகச் சொல்வேன்.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் மூன்று நான்கு வயதுப் பிள்ளையை எட்டுகிற ஓரிடம், தனியார் பள்ளிகளின் 25 விழுக்காடு ஒதுக்கீடு. எல்.கே.ஜி. நடத்துகிற தனியார் பள்ளி அந்த வகுப்பிலேயே ஒதுக்கீட்டைத் தர வேண்டும். ஆக, ஏழைப் பிள்ளை தனியாரிடம் போனால் சட்டம் கூட வருகிறது. அரசின் அங்கன்வாடிக்குப் போனால் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

சட்டம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டு உதாரணமே போதும். 2019இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். 2022 ஜூனில் நிறுத்துவதாகச் செய்தி வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் தொடரும் என்றார்கள். ஏழாம் வகுப்பை இப்படி ஒரு நாள் மூடுவதாகவும் மறுநாள் திறப்பதாகவும் எந்த அரசாவது சொல்ல முடியுமா?

எந்தத் தெருவில், யார் கையால்

எல்லையைத் தாண்டி நெய்யாற்றின்கரைப் பக்கம் போனால் ஊரூட்டம்பலம் இருக்கிறது. 1910களில் அய்யன்காளி, பஞ்சமி என்ற புலையர் சாதிச் சிறுமியின் கையைப் பிடித்து அங்குள்ள பள்ளிக்குள் கூட்டிப்போனார். ஆதிக்கச் சாதியினர் பள்ளிக்குத் தீ வைத்தார்கள். கரிந்த பெஞ்சு ஒன்றை இன்றும் அங்கே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கு அவர்கள் இருவரின் பெயரையும் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு நம்முடைய பகுதியும் அதே திருவிதாங்கூர்தான். ஒரு சிறுமி பெஞ்சில் உட்கார்ந்ததற்காகப் பள்ளியையே எரித்த மண்ணில் நாம் இருக்கிறோம்.

இன்றைக்கு யாரும் எரிப்பதில்லை. பிள்ளையை அனுப்பாமல் விட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான். பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட்டும் ஜோயல் லீயும் 2005இல் வெளியிட்ட ஆய்வு, தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களில் மதிய உணவிலும் ரேஷன் கடையிலும் சாதி எப்படி வேலை செய்கிறது என்று காட்டியது. உணவு தரும் இடம் ஆதிக்கச் சாதித் தெருவில் இருப்பது, தலித் பெண் சமையலராக வருவதை எதிர்ப்பது ஆகிய இரண்டும் அதன் முக்கியமான கண்டறிதல்கள். 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் நாம் அதை நேரில் பார்த்தோம். அருந்ததியரான பாப்பாள் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் பள்ளியைப் பூட்டினார்கள். அதிகாரிகள் அவரை இடம் மாற்றினார்கள். போராட்டம் நடந்த பிறகுதான் அந்த ஆணை ரத்தாகி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது.

உச்ச நீதிமன்றம் 2004 அக்டோபரில், பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகள் அனைத்திலும் கூடிய விரைவில் அங்கன்வாடி அமைக்கச் சொன்னது. 2006 டிசம்பரில், ஆறு வயதுக்குக் கீழே நாற்பது பிள்ளைகள் உள்ள எந்தக் குடியிருப்பும் கேட்டால் மூன்று மாதத்துக்குள் மையம் தர வேண்டும் என்றது. சரியான ஆணைகள். ஆனால் ஒரு சிக்கலையும் பார்க்க வேண்டும். மையம் ஊரில் இருந்தால் சேரிப் பிள்ளை போகத் தயங்குகிறது. சேரியில் இருந்தால் ஊர்ப் பிள்ளை வருவதே இல்லை. சேரி மையத்தைத் தரமாக்கி, ஊர்ப் பிள்ளையும் அங்கேதான் வரவேண்டும் என்கிற நிலையை உருவாக்குவதே இதற்கு வழி. நல்ல கட்டடம், பயிற்சி பெற்ற ஆசிரியர், விளையாட்டிடம் எல்லாம் முதலில் அங்கே வரட்டும். அரசு தன் பிள்ளைக்குச் செலவு செய்வதைக் காட்டும்போதுதான் தெருவின் அந்தஸ்து மாறும்.

அண்டியாப்பீஸும் பால்வெட்டும்

எங்கள் வட்டாரத்தில் முந்திரி ஆலையை அண்டியாப்பீஸ் என்பார்கள். உள்ளே தல்லுவதும் தோலுரிப்பதும் தரம் பிரிப்பதும் பெரும்பாலும் பெண்கள். தோட்டின் எண்ணெய் பட்டு விரல் கறுத்துத் தோல் உரியும். என் அம்மாவும் ஓர் ஆலையில் தோலுரித்தார். எனக்குப் பாட்டி இருந்தார், தப்பித்தேன். பாட்டி இல்லாத வீட்டுக் கைப்பிள்ளைகளை அக்காமார் பார்த்துக்கொண்டார்கள். அக்கா என்றால் எட்டு வயது. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நின்ற அந்த அக்காவின் பள்ளிப் படிப்பு அங்கேயே நின்றது. மூன்று வயதுப் பிள்ளைக்கு இடம் இல்லை என்றால் எட்டு வயதுப் பெண்ணின் இடமும் சேர்ந்து போகிறது. எழுத்தறிவுக் கணக்கில் இந்த இழப்பு வராது.

இத்தனைக்கும் சட்டம் இருந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்தால் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வைக்கச் சொன்னது. காற்றும் வெளிச்சமும் உள்ள சுத்தமான அறை, குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண், பால் அல்லது சிற்றுண்டி, தாய் வந்து பாலூட்ட இடைவேளை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களுக்கும் காப்பகம் கேட்டது. 2005ஆம் ஆண்டின் நூறுநாள் வேலைச் சட்டம், ஐந்து சிறு பிள்ளைகள் கூட வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தச் சொன்னது. 2017இல் திருத்திய பேறுகாலப் பயன் சட்டம், ஐம்பது பேர் வேலை செய்யும் நிறுவனங்களுக்குக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது.

எல்லாச் சட்டங்களிலும் ஓர் எண் இருப்பதைக் கவனியுங்கள். எண் இருந்தால் அதற்குக் கீழே நிற்கவும் வழி இருக்கும். ஆட்களைச் சிறு சிறு கூடங்களாகப் பிரிக்கலாம், வேலையை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பலாம். பெண்ணின் எண்ணிக்கையை வைத்து மட்டும் காப்பகம் கணக்கிட்டால், பிள்ளை வளர்ப்பு பெண்ணின் வேலை என்றும், பெண்ணை அமர்த்துவது கூடுதல் செலவு என்றும் முதலாளி கணக்குப் போடுவார். இதற்கான விடையை அம்பேத்கர் 1928இலேயே தொட்டிருக்கிறார். பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசியபோது, தாயின் ஓய்வு சமூகம் முழுவதற்கும் வேண்டியது, அதன் செலவில் அரசுக்கும் பங்குண்டு என்று வாதிட்டார்.

ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியும் முன்னே கிளம்ப வேண்டும். அங்கன்வாடி திறப்பது அதற்குப் பல மணி நேரம் கழித்து. மாதச் சம்பளக்காரரின் நேரத்தை வைத்து மையத்தின் நேரத்தை முடிவு செய்திருக்கிறார்கள். உழைக்கிற பெண்ணின் நேரத்துக்கு ஒரு மையம் திறந்திருக்க வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை.

காசு கொடுத்தாலும்

அப்படியானால் தனியார் நர்சரிக்கு அனுப்பியவர்கள் தப்பித்துவிட்டார்களா? 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியின் கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து எல்.கே.ஜி. சிறுமி இறந்தாள். அதே ஆண்டு ஏப்ரலில் மதுரையில் ஒரு தனியார் மழலையர் பள்ளியின் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து நான்கு வயதுச் சிறுமி இறந்தாள். இரண்டு சாவுக்கும் நடுவே நான்கு மாதம். ஒரு தொட்டியின் மூடி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கிற ஆள் இல்லாமல் போன சாவுகள் இவை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சத்துணவுச் சமையலறையின் தீ கூரைக்குப் பரவி 94 பிள்ளைகள் இறந்தார்கள். கூரைக் கொட்டகைகளை அகற்றும் ஆணை அதற்குப் பிறகு வந்தது. நம் பாதுகாப்பு விதி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பிள்ளையின் படம் மாலை போட்டுத் தொங்குகிறது.

ஆகவே தரத்தைக் கேட்பது ஏழைகளுக்காக மட்டும் கேட்பது ஆகாது. சட்டத்தில் நிற்கிற ஒரே தரம், அங்கன்வாடிக்கும் நர்சரிக்கும் ஆலைக் காப்பகத்துக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். காசு கொடுத்து விலகிப்போன குடும்பங்களும் இந்தக் கோரிக்கையில் சேர்ந்தாக வேண்டும். சாதிப் பயத்தில் ஓடியவர்கள் மூடியில்லாத தொட்டிக்குப் பக்கத்தில்தான் போய் நிற்கிறார்கள்.

டீச்சரும் உதவியாளரும்

தரம் பற்றிய பேச்சு எப்போதும் கட்டடத்தில் தொடங்கிக் கட்டடத்திலேயே முடிந்துவிடும். மூன்று வயதுப் பிள்ளையின் பாதுகாப்பு என்பது பெரும்பகுதி ஒரு பெரியவரின் கவனம். அந்தப் பெரியவரை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? அங்கன்வாடிப் பணியாளர் அரசுப் பதவி வகிப்பவர் இல்லை என்று 2006இல் அமீர்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று அதே நீதிமன்றம் 2022 ஏப்ரலில் சொன்னது. 2018 அக்டோபர் முதல் ஒன்றிய அரசின் மதிப்பூதியக் கணக்கு, பணியாளருக்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய். மாநில அரசு மேலே கொஞ்சம் சேர்க்கிறது. மதிப்பூதியம் என்ற சொல்லே ஒரு தந்திரம். சம்பளம் என்றால் உரிமை வந்துவிடும்.

இந்தப் பெண்கள்தான் எடை பார்க்கிறார்கள், கர்ப்பிணி வீடுகளுக்குப் போகிறார்கள், கைபேசிச் செயலியில் தகவல் ஏற்றுகிறார்கள், வாக்காளர் பட்டியல் வேலை பார்க்கிறார்கள். டீச்சர் கணக்கெடுப்புக்குப் போன நாளில், ஓர் உதவியாளர் ஒரே நேரத்தில் அடுப்பையும் இருபது பிள்ளைகளையும் பார்க்க வேண்டும். அந்த நாளில் ஒரு பிள்ளை கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போனால் நாம் யாரைக் குற்றம் சொல்வோம்? உதவியாளரைத்தான். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் குறைகூலியின் மேல் நிற்கிறது நம்முடைய குழந்தைப் பாதுகாப்பு.

பிள்ளைக்கும் வாய் உண்டு

1992இல் இந்தியா ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையில் சேர்ந்தது. அந்த உடன்படிக்கையின் குழு 2005இல் வெளியிட்ட ஏழாவது பொதுக் கருத்துரை, மிகச் சிறு பிள்ளைகளும் உரிமை உடையவர்கள், அவர்கள் விருப்பத்தையும் கேட்க வேண்டும் என்கிறது. கேட்டால் என்ன நடக்கும் என்று பக்கத்து மாநிலம் காட்டியது. ஆலப்புழை மாவட்டத்தில் அங்கன்வாடிக்குப் போகும் ஒரு சிறுவன், உப்புமா வேண்டாம், பிரியாணியும் பொரித்த கோழியும் வேண்டும் என்று கேட்ட காணொளி 2025 தொடக்கத்தில் பரவியது. அமைச்சர் பார்த்தார். சில மாதங்களில் கேரள அங்கன்வாடி உணவுப் பட்டியலில் முட்டை பிரியாணி வந்தது. சிரிக்கலாம். ஆனால் அந்தச் சிறுவன் தர்மம் கேட்கவில்லை. தன் சாப்பாட்டைப் பற்றித் தன் கருத்தைச் சொன்னான். முட்டையே தீட்டு என்று பள்ளிச் சாப்பாட்டிலிருந்து அதை எடுத்த மாநிலங்கள் உள்ள நாட்டில் இது அரசியல்.

என்ன கேட்க வேண்டும்

தமிழ்நாடுதானே இதில் முன்னணி, குறை சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள், முட்டை, சத்துணவு எல்லாம் உண்மை. முன்னணியில் இருப்பவர்களால்தான் சட்டத்தை முதலில் இயற்ற முடியும். பணம் எங்கே என்பார்கள். நார்வே 2009 முதல் ஒரு வயதுப் பிள்ளைக்கும் மழலையர் பள்ளி இடத்தைச் சட்ட உரிமையாக்கியிருக்கிறது. அது பணக்கார நாடு, சரி. தமிழ்நாடு 1982இல் சத்துணவைத் தொடங்கியபோதும் பணம் எங்கே என்றுதான் கேட்டார்கள். மூன்று வயதுப் பிள்ளை அம்மாவிடம்தான் இருக்க வேண்டும் என்பார்கள். அந்த அம்மாவை விடியும் முன் தோட்டத்துக்கு வரச் சொல்கிறவர்கள் அதைச் சொல்லக் கூடாது.

சட்ட ஆணையம் தன் 259ஆவது அறிக்கையில், 2015 ஆகஸ்டில், ஆறு வயதுக்குட்பட்டவர்களின் பராமரிப்பை அடிப்படை உரிமையாக்கவும், கல்வி உரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவைக் கட்டாயமாக்கவும் பரிந்துரைத்தது. 2019இல் வந்த தேசியக் கல்விக் கொள்கையின் வரைவு, கல்வி உரிமைச் சட்டத்தை மூன்று வயதுக்கு நீட்டச் சொன்னது. 2020இல் இறுதிக் கொள்கை வந்தபோது அந்த வாக்குறுதி காணாமல் போயிருந்தது. மூன்று வயதிலிருந்து கல்வி என்று பேசுவார்கள், உரிமை என்று எழுத மாட்டார்கள். ஒன்றிய அரசு செய்யாவிட்டால் மாநிலம் செய்யட்டும். கல்வி பொதுப்பட்டியலில்தான் இருக்கிறது. மூன்று வயது முதல் பொதுப் பள்ளி உரிமை, 2013 கொள்கையின் அளவுகளைச் சட்ட அட்டவணையாக்குவது, அரசு, தனியார் என்று பாராமல் ஆண்டுக்கு இருமுறை பாதுகாப்பு ஆய்வு நடத்தி அறிக்கையை வாசலில் ஒட்டுவது, பணியாளருக்குச் சம்பளம், சேரிக் குடியிருப்புகளில் முதல் தரமான மையம். இந்த ஐந்தையும் நம் இயக்கங்கள் தேர்தல் கோரிக்கையாக வைக்க வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் தெருவின் அங்கன்வாடிக்கு ஒரு நாள் போங்கள். அளக்கும் நாடாவை எடுத்துப் போங்கள். அறையை அளங்கள், பிள்ளைகளை எண்ணுங்கள், தொட்டி மூடியைத் தூக்கிப் பாருங்கள், கழிப்பறைக் குழாயைத் திறந்து பாருங்கள். டீச்சரைக் குற்றவாளியாக்காதீர்கள், என்ன வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். பார்த்ததை எழுதி, அடுத்த கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். உங்கள் வட்டத்தில் எத்தனை ஆலைகளில் காப்பகம் இருக்கிறது என்று தொழிற்சாலை ஆய்வுத் துறையிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை இருக்கிற தோழர்கள், சாதி ஒழிப்பைப் பேசிவிட்டுப் பிள்ளையை எந்த வாசலில் இறக்கிவிடுகிறோம் என்று யோசியுங்கள்.

பாயில் யாருக்குப் பக்கத்தில் யார் உட்கார்கிறார்கள் என்பதை மூன்று வயதில் பிள்ளை பார்த்துக்கொண்டேதான் இருக்கிறது. ஆறு வயதில் நாம் சமத்துவம் சொல்லிக்கொடுக்கப் போகும்போது, அது மூன்று வருடப் பாடத்தை ஏற்கெனவே முடித்திருக்கும்.